குடும்ப எண் நாற்பத்தொன்று

எங்கள் நிறுவனத்தில் அவரை நேரில் அண்ணே என்போம். ஆள் நகர்ந்ததும் ஊசிக்காரர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. மிரண்டு நிற்கிற குழந்தையின் கையைப் பிடித்து, "எறும்பு வருது, எறும்பு வருது, இதோ கடிச்சிட்டு ஓடியே போயிடுச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். அழ வேண்டும் என்பதே அந்தக் குழந்தைக்கு மறந்துபோயிருக்கும்.

நான் அங்கே எழுத்தராக இருந்தேன். பின்னாளில் நெறிமுறைக் குழுவின் கோப்புகளும் என் மேசைக்கே வந்தன. நடந்ததில் என் கையும் உண்டு. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது அது தேசிய நிறுவனம் ஆகியிருக்கவில்லை. கால்நடை மருத்துவமனையின் மாடியில் மூன்று அறைகள், அவ்வளவுதான். கீழே மாடுகள் கத்திக்கொண்டிருக்கும்; மேலே நாங்கள் மனிதர்களின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருப்போம். நிறுவனத்தைத் தொடங்கிய பெரிய டாக்டர், அவருக்கு உதவியாக ஓர் ஆராய்ச்சியாளர், ஊசிக்காரர், நான். ஃப்ரிட்ஜ் ஒன்றே ஒன்று. மேல் தட்டில் ரத்தக் குழாய்கள், கீழே பெரிய டாக்டரின் தண்ணீர் பாட்டில். "தாகத்துல கையை மாத்தி விட்டுடாதீங்க டாக்டர்" என்று ஊசிக்காரர் தினமும் ஒரு தடவையாவது சொல்வார். பெரிய டாக்டரும் தினமும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்.

அப்போது அவர்கள் தேடிக்கொண்டிருந்தது பிள்ளைகளின் கால் தளர்ந்துபோகும் ஒரு நோயை. ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். நாலைந்து வயதில் அடிக்கடி விழுவான், பத்து வயதுக்கு மேல் நடக்க மாட்டான், இருபதை எட்டுவதற்குள் மூச்சுக்குத் திணறுவான். தாய்க்கு ஒன்றும் இருக்காது, ஆனால் அவள் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகும். அப்படிப்பட்ட பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் ஊசிக்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்து, உட்கார்ந்து பேசி, அந்தக் குடும்பத்தின் மரத்தை வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவனுக்குச் சதுரத்தை நிரப்பிக் கறுப்பு. அளவுகோல் வைத்து அவர் வரைந்த மரங்களைப் பார்த்தால் அச்சடித்ததுபோல் இருக்கும். காகிதத்தில் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் எந்தக் குடும்பம் என்பது ஒரே ஒரு பதிவேட்டில், அவர் கையெழுத்தில், பூட்டிய அலமாரிக்குள் இருந்தது.

பெயரை வெளியே விடக் கூடாது என்பதில் அவர் அப்படிக் கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் ரத்தம் எடுத்துவிட்டு வெளியே வந்தவரை எதிரே வந்த ஒரு பெரியவர் நிறுத்தி, "என்ன தம்பி, அந்த வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். இவரும் வெள்ளந்தியாக, "பரம்பரை நோய்க்காகப் பாக்குறோம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரியவர், அந்த வீட்டு மூத்த பெண்ணுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா. கல்யாணம் நின்றுபோனது. அந்த வீட்டில் மூன்று பெண்கள். பிறகு யாருக்குமே அமையவில்லை. ஊசிக்காரர் மன்னிப்புக் கேட்கப் போனபோது மூத்தவள் கதவைத் திறந்து, "உங்க வேலை முடிஞ்சுதுல்ல, போங்க" என்று மட்டும் சொன்னாளாம். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "தடுப்பூசி போட வந்தேன்" என்பதுதான் அவர் பதில்.

அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. குடும்பம் என்றால் தங்கச்சி குடும்பம்தான். தங்கச்சிக்கு மூத்தது பையன். அடுத்து இரட்டை: பெண் பிழைத்தது, கூடப் பிறந்த ஆண் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. மூன்றாவதும் பையன். ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் ஊசிக்காரர் அந்த வீட்டுக்குப் போவது தவறாது.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம். மூத்தவனுக்கு ஐந்து வயது. கூடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவன் விழுந்தான். எழுந்திருக்க முதலில் இரண்டு கையையும் தரையில் ஊன்றினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தான், அடுத்ததைத் தொடையில் வைத்தான், தன் உடம்பின் மீதே ஏணி ஏறுவதுபோல் ஏறி நின்றான். நின்றதும் சிரித்தான்.

அதுவரை நாற்பது வீடுகளில் அவர் அந்த ஏற்றத்தைப் பார்த்திருந்தார். தங்கச்சி தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? சாப்பிடு" என்றாள். அவர் சாப்பிட்டார். கை கழுவினார். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய், "டாக்டர், நாப்பத்தொண்ணாவது குடும்பம் கிடைச்சிருக்கு" என்றார். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து தோளில் கை வைத்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் யாரையும் தொட்டுப் பேசுகிற மனிதர் கிடையாது.

ரத்தம் எடுக்க ஊசிக்காரரே போனார். தங்கச்சி, மைத்துனர், இரண்டு பையன்கள், நாலு வயசுப் பெண். அந்தப் பெண் ஊசியைப் பார்த்து அழவில்லை, "மாமா, எறும்பு எங்க போச்சு?" என்று பெட்டிக்குள் தேடியது. தங்கச்சி முந்தின நாள் முழுக்க அழுது தீர்த்திருந்தாள். "கண்டுபிடிச்சிருவாங்களா அண்ணா?" என்றாள். "பெரிய டாக்டர் விட மாட்டார். கண்டுபிடிச்சதும் உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றார் இவர். அந்த வார்த்தையை அவர் பின்னால் என்னிடம் பல தடவை திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

வருடங்கள் போயின. நிறுவனம் வளர்ந்தது. அரசாணை வந்து பெயருக்கு முன்னால் 'தேசிய' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு வெளியே ஆறு மாடிக் கட்டடம் எழும்பியது. ரத்தக் குழாய்களை ஐஸ் நிரப்பிய வேனில் ஏற்றி, முன்னால் ஊசிக்காரர் மோட்டார் சைக்கிளில் கல்யாண ஊர்வலத்துக்கு வழிகாட்டுவதுபோல் போக, புது இடத்துக்குக் கொண்டு சேர்த்தோம். அங்கே ஃப்ரிட்ஜ் ஒன்று இல்லை, முப்பது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பெயர் வாயில் நுழையாத இயந்திரங்கள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார், இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். புது இயக்குநர் வந்தார். நெல்லின் மரபணு, கிருமியின் மரபணு, காவல்துறைக்காக மரபணுவைக் கைரேகை மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பிரிவு என்று ஆளுக்கொரு மாடி ஆயிற்று. கால் தளரும் நோய் இரண்டாம் மாடியில் ஓர் ஓரத்தில் இருந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டரம்மா ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷி. ஆனால் அவர் ஒரு நோயாளி வீட்டுப் படிகூட மிதித்ததில்லை. அவருக்கு எல்லாமே எண்கள்.

தங்கச்சி மூத்த மகனை அவனுடைய பத்தொன்பதாவது வயதில் இழந்தாள். ஊசிக்காரர் மூன்று நாள் விடுப்பு எடுத்தார், நாலாம் நாள் ஐஸ் பெட்டியோடு கிளம்பிவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருங்களேண்ணே" என்றேன். "வீட்ல இருந்தா என்னம்மா பண்றது? அவ என் மூஞ்சியவே பாக்குறா. 'ரிசல்ட் வந்துச்சா'னு இப்பல்லாம் கேக்குறதுகூட இல்ல. அதான் தாங்க முடியல" என்றார்.

சின்னவனும் சக்கர நாற்காலிக்குப் போய்விட்டான். நடுவில் பிறந்த பெண் மட்டும் நன்றாக வளர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்தும் வேலை. வாயாடி. மாமாவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இதுல பாத்துத்தான் நரம்பு தேடுறீங்களா? பாவம் ஜனங்க" என்பாள். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவரை விரும்பினாள், இருபத்தைந்தாவது வயதில் அவரையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஊசிக்காரர் இரண்டாம் மாடிக்குப் போய், "டாக்டரம்மா, நாப்பத்தொண்ணைப் பாத்தாச்சா?" என்று கேட்டார். "எல்லாம் வரிசைல இருக்கு அண்ணா. மிஷின் ஒண்ணுதானே" என்றார் அவர். அது தன் குடும்பம் என்று இவர் சொல்லவில்லை. அதற்குள் புது விதி வந்திருந்தது: ஊழியர் தம் சொந்தக்காரர்களின் மாதிரியை எடுக்கக் கூடாது. சொன்னால் அந்த ஐந்து குழாய்களையும் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

நிறுவனத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. விழாவுக்காகக் கீழ்த்தளத் தாழ்வாரம் முழுக்கச் சுவரொட்டிகள் வைத்தோம். ஒவ்வொரு பிரிவும் தான் கண்டுபிடித்ததைப் படமாகப் போட்டிருந்தது. காலையில் சீக்கிரம் வந்த ஊசிக்காரர், ஸ்டூல் போட்டு ஏறி நின்று நான் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீ கீழே இறங்கு, நான் ஒட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டார். இரண்டாம் மாடியின் சுவரொட்டி. ஆறு குடும்ப மரங்கள். அவர் கையால் வரைந்தவற்றைக் கணினியில் அழகாக மறுபடி வரைந்திருந்தார்கள். எண்களையும் மாற்றிவிட்டிருந்தார்கள்: அ, ஆ, இ என்று.

மூலையில் பசையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

நாலாவது மரம். ஒரு கறுப்புச் சதுரம். பக்கத்தில் ஒரே புள்ளியிலிருந்து பிரியும் இரண்டு கோடுகள், இரட்டைக் குழந்தைகளுக்கு. அதில் ஒன்று குறுக்குக்கோடு போட்ட சின்னச் சதுரம், இறந்து பிறந்தது. அதை அடுத்து இன்னொரு கறுப்புச் சதுரம். நானூற்றுச் சொச்சம் குடும்பங்களில் அப்படி ஒரு மரம் அது ஒன்றுதான். அந்த இரட்டையில் பிழைத்த வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.

அந்தப் புள்ளிக்கு என்ன பொருள் என்று எனக்கு அவர்தான் ஒருமுறை சொல்லியிருந்தார். இவளுக்கு நோய் வராது. ஆனால் இவள் அதைச் சுமக்கிறாள். இவளுக்கு ஆண் குழந்தை பிறந்தால் பாதிக்குப் பாதி.

"என்னண்ணே?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, பசை காஞ்சுபோச்சு" என்றார்.

விழா முடிந்ததும் டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார். அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல முடியாதா என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கியிருக்கிறார். இது ஆராய்ச்சி முடிவு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கிடையாது. அந்தக் காலத்தில் வாங்கிய ஒரு பக்க ஒப்புதல் படிவத்தில் முடிவைத் திருப்பிச் சொல்வோம் என்று ஒரு வரியும் இல்லை. சொல்ல வேண்டுமானால் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். "நீங்க ஒரு விண்ணப்பம் குடுங்க அண்ணா. நானும் கையெழுத்துப் போடுறேன்."

விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. அரைப் பக்கம். 'குடும்ப எண் 41-க்கு முடிவைத் தெரிவிக்க அனுமதி கோரி.' குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அடுத்த கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

"இது கொஞ்சம் அவசரம்மா" என்றார்.

"என்கிட்ட வர்றது எல்லாமே அவசரந்தாண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் போய்விட்டார்.

எங்கள் விதிகளில் ஒரு பிரிவு இருந்தது. மிக அவசரமானால் கூட்டம் கூடாமலே உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கலாம். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஏன் அவசரம் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு விழாவின் சாப்பாட்டுக் கணக்கு முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து மருமகள் அவருக்குப் போன் செய்தாள். மருமகள் என்றால் தங்கச்சி மகள். "மாமா, எனக்கு ரெண்டு மாசம் ஆயிடுச்சு. அம்மாவுக்கு அப்புறம் உங்களுக்குத்தான் சொல்றேன்" என்றாள். அவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அன்றைக்கு அவர் கேன்டீனில் டீயை வாங்கி வைத்துவிட்டு, ஆடை படிந்து ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் நான் பார்த்தேன்.

கூட்டம் கூடியது. ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் வந்தார்கள். சட்டத்துறை உறுப்பினர் வெளியூரில். குறைந்தபட்சம் நாலு பேர் வேண்டும். வந்தவர்கள் பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தார்கள். 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று நான் எழுதினேன். கையெழுத்துச் சுத்தமாக இருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் மருமகள் வீட்டுக்குப் போனார். விதியாவது மண்ணாவது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருக்கிறார். கணவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். மருமகள் ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து, "இதுதான் தலை. இது கையா காலானு அவருக்கும் எனக்கும் சண்டை. நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில கேட்டாங்க மாமா, குடும்பத்துல யாருக்காவது பரம்பரை நோய் இருக்கானு. அண்ணன், தம்பியப் பத்திச் சொன்னேன். அந்த டாக்டர் பயந்துட்டாங்க, ஏதோ டெஸ்ட் எடுக்கணும்னாங்க. நான் சொன்னேன், எங்க மாமா அந்த இன்ஸ்டிட்யூட்லதான் இருக்கார், என் ரத்தம் சின்ன வயசுலயே அங்க இருக்கு, ஏதாவது இருந்தா இத்தனை வருஷத்துல சொல்லாம இருப்பாரான்னு. சரி, அப்பத் தேவையில்லைனுட்டாங்க." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "ஒண்ணும் இல்லதானே மாமா?"

பக்கத்தில் கணவர் நிற்கிறார். நின்றுபோன அந்தக் கல்யாணமும், கதவைத் திறந்த மூத்தவளும், மூன்று பெண்களும் கண்முன் வந்து நின்றார்களாம். இன்னொரு பெண்ணின் வாழ்க்கையில் நாம் வாயைத் திறக்கப் போகிறோமா என்று தோன்றியதாம். "கேட்டுச் சொல்றேம்மா" என்றார்.

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்று மாமா சொன்னால் ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்கு அர்த்தம்.

அவர் திரும்பக் கேட்டார்தான். இயக்குநரிடம் கேட்டார்; "கமிட்டி இருக்கே, அதைத் தாண்டி நான் என்ன செய்ய?" என்றார் இயக்குநர். டாக்டரம்மாவிடம் கேட்டார், அவர் இன்னொரு கடிதம் எழுதி என்னிடம் அனுப்பினார். நான் அதைக் கோப்பில் சேர்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் மருமகள் வீட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் ஏழு பேரும் வந்தார்கள். பத்து நிமிடத்தில் அனுமதி கொடுத்தார்கள். சட்டத்துறை உறுப்பினர், "இதுக்கு எதுக்கு இவ்வளவு நாள்?" என்றுகூடக் கேட்டார். நிபந்தனை ஒன்றுதான்: ஆராய்ச்சியில் தெரிந்ததைச் சொல்வதோடு புதிதாக ரத்தமும் எடுத்து உறுதி செய்ய வேண்டும். நான் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். யார் கொண்டுபோவது? ஊசிக்காரர்தான். அவர் வேலையே அதுதானே.

அப்போது அவளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தெரிந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லாத நாள்.

அவள் கடிதத்தை நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

"விழா அன்னிக்கு."

"விழா எப்ப?"

அவர் சொன்னார். அவள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகத்தில் இருந்த எல்லாம் வடிந்துபோயிற்று என்றார் அவர். "படம் காமிச்சேனே, அப்பக்கூடத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சட்டைக் கையை மேலே ஏற்றி மேசையில் கையை நீட்டினாள். "எடுங்க" என்றாள்.

இருபத்தைந்து வருடத்தில் அவருக்கு நரம்பு தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு இரண்டு தடவை தவறியது. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அவள் முகத்தைச் சுளிக்கவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. பஞ்சை வாங்கித் தானே அழுத்திக்கொண்டாள். "இனிமே இங்க வராதீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் என் மேசை எதிரே வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. தங்கச்சி குடும்பத்தின் எண்தான் நாற்பத்தொன்று என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சுற்றுக்கு அனுப்பும் பிரிவைப் பற்றி நான் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்; ஆனால் அவர் முகத்துக்கு எதிரே அதை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "உனக்கு எப்படிம்மா தெரியும், நான் சொல்லலையே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

குழந்தை பிறந்தது. ஆண். அவள் அதைச் சோதிக்க மறுத்துவிட்டாள். "எடுத்தாத் தெரிஞ்சிடும். தெரியாம இருக்கிற நாளாவது எனக்கு இருக்கட்டும்" என்றாளாம் தாயிடம்.

ஊசிக்காரருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அந்தச் சுவரொட்டியில் இன்னும் ஐந்து மரங்கள் இருந்தன. அவற்றிலும் புள்ளி வைத்த வட்டங்கள். அந்த மரங்களையும் அவர்தான் வரைந்தவர், எந்த வீடு என்று அவருக்குப் பதிவேடே தேவையில்லை. யாரிடமும் கேட்காமல், விண்ணப்பம் கொடுக்காமல், ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

முதல் வீடு இடிந்து கிடந்தது. குடும்பம் எங்கே போனது என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது வீட்டில் அவர் நாலு வயதில் ரத்தம் எடுத்த பெண்ணுக்கு இப்போது இரண்டு பையன்கள். பெரியவன் இவரைப் பார்த்ததும் தரையிலிருந்து எழுந்தான், தொடையில் கை வைத்து. இவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போக அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது வீட்டில் தகப்பன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்: "அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். இந்தப் பேச்சு வெளிய போச்சு, உன்னை உண்டு இல்லைனு ஆக்கிடுவேன்." நாலாவது வீட்டில் புள்ளி வைத்த பெண் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, வேறு ஏதோ காய்ச்சலில். கடைசி வீட்டில் ஒரு கல்லூரிப் பெண். வாசலிலேயே நின்று முழுக்கக் கேட்டாள். ஆஸ்பத்திரி பெயரையும் சோதனையின் பெயரையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அவள் போனாளா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

மூன்றாம் வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். விசாரணை வைத்தார்கள். குறிப்பெடுத்தது நான்.

"விதி உங்களுக்குத் தெரியாதா?" என்றார் இயக்குநர்.

"தெரியும் சார். வீடு வீடாப் போய் அந்த விதியச் சொல்லிக் கையெழுத்து வாங்கினவனே நான்தான்."

"அப்புறம் ஏன்?"

"அவங்க ரத்தம் குடுத்தப்ப எண்ணுக்குக் குடுக்கல சார். எனக்குக் குடுத்தாங்க" என்றார்.

இயக்குநர் நல்லவர்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஆனால் கல்யாணம் மறுபடியும் ஒன்று நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் தகப்பனோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்காரர் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்டால் அவள் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது, பதில் வருவதில்லை. ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு. அடையாள அட்டையை என்னிடம்தான் ஒப்படைத்தார்.

அதற்குப் பிறகு நிறுவனத்தில் எல்லாம் மாறியது. ஒப்புதல் படிவம் ஆறு பக்கம் ஆயிற்று. 'முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?' என்று தனிக் கேள்வி வந்தது. தரைத்தளத்தில் முடிவு சொல்வதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். மெத்தை நாற்காலி, தண்ணீர், முகம் துடைக்கக் காகிதம், பேசத் தெரிந்த ஒரு பெண். வெளியிலிருந்து வருபவர்கள் பாராட்டினார்கள். எப்படி இந்த யோசனை வந்தது என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். இயக்குநர் பேச்சை மாற்றினார்.

மருமகளின் பையனுக்கு இரண்டரை வயது இருக்கும்போது அவள் எங்களிடம் வந்தாள். மாடிப்படி ஏற அவன் சிணுங்குகிறானாம். அவள் படிவத்தின் ஆறு பக்கத்தையும் படித்தாள். முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பம் என்ற கட்டத்தில் குறி போட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ரத்தம் எடுத்தாள். பையன் கட்டடமே அதிரக் கத்தினான்.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று என்னிடம் கேட்டாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"மூணு மாசத்துக்குள்ள சொல்லிடுவோம்மா" என்றேன். சொன்னபடி பதினோராவது வாரமே கூப்பிட்டுவிட்டோம்.

அன்றைக்கு அவள் தனியாக, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அறையில் நாற்பது நிமிடம் இருந்தாள். பேசத் தெரிந்த பெண் கதவைத் திறந்து விட்டபோது அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அழவில்லை. பையனின் செருப்பு வாரை ஒருமுறை குனிந்து சரிசெய்தாள், ஒழுங்காக இருந்ததைத்தான்.

நான் ஜன்னலுக்குப் போனேன். வாயிற்கதவுக்கு வெளியே, காவலாளி விட மாட்டான் என்பதால் சாலை ஓரத்தில், ஊசிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தங்கச்சி சொல்லித்தான் வந்திருப்பார். ஆள் பாதியாக இளைத்துவிட்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். நிற்கவில்லை. அவரைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பையன் மட்டும் அவள் தோளுக்கு மேல் திரும்பி இவரைப் பார்த்துக்கொண்டே போனான். அவர் பத்தடி பின்னால் நடந்தார். நிறுத்தத்தில் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவர். பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள். அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு கம்பியைப் பிடித்துப் பின்வாசலில் ஏறிக்கொண்டார்.